பிறரைத் தீர்ப்பிடும் பழக்கத்தை விட நினைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் ஐந்து நிமிடத்தில்தான் சபையில் பாதித் தீர்ப்புகள் எழுதப்படுகின்றன. யார் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை, காணிக்கைப் பை வந்தபோது யார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார், யார் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் ஏன் கல்யாணம் கூடிவரவில்லை. இது தப்பு என்று தெரியாதவர்கள் இல்லை. மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்ற மத்தேயு 7-இன் முதல் வசனம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு நாம் பிடிக்கும் குறுக்கு வழிகளில்தான் சிக்கல்.

எல்லாரும் முதலில் செய்வது வாயை மூடிக்கொள்வது. “நமக்கெதுக்கு, ஆண்டவர் பாத்துக்குவார்.” கேட்க ஆவிக்குரியதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தை முதல் வசனத்தோடு நிறுத்தாமல் படித்துப் பாருங்கள். ஐந்தாம் வசனத்தில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு என்ற இயேசு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றும் சொல்கிறார். துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. கள்ளத் தீர்க்கதரிசிகளைக் கனிகளினாலே அறிவீர்கள் என்பதும் அதே அதிகாரம்தான். யோவான் 7:24-இல் தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்கிறார்.

அப்படியானால் எதைச் செய்யக்கூடாது என்கிறார்? ஒருவர் செய்தது தப்பு என்பது வேறு. அவர் இந்த எண்ணத்தில்தான் செய்தார், இனி இவர் தேறவே மாட்டார் என்று முடிவு கட்டுவது வேறு. அதற்கு அவருடைய உள்மனதும் தெரிந்திருக்க வேண்டும், கடைசியும் தெரிந்திருக்க வேண்டும். காலத்துக்கு முன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள், இருதயத்தின் யோசனைகளைக் கர்த்தர் வரும்போது வெளிப்படுத்துவார் என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 4:5) இதனால்தான்.

வாய்மூடும் பழக்கத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. சபைக் கணக்கைக் கேட்கிறவரிடம் “தீர்ப்பு சொல்லாதீங்க பிரதர்” என்பார்கள். கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு முன்னோடி தாவீது. என்கேதிக் குகையில், தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜாவின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தார், ஆளைத் தொடவில்லை. ஆனால் வெளியே வந்து, மூவாயிரம் பேரோடு வந்திருந்த ராஜாவைக் கூப்பிட்டு, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேராகவே வழக்கை வைத்தார் (1 சாமுவேல் 24). ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்வதும் போலீசுக்குப் போவதும் யாரையும் நியாயந்தீர்ப்பது ஆகாது. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

அடுத்தது ஜெபக்குறிப்பு. “ஜெபிக்கத்தான் சொல்றேன் சிஸ்டர், வெளியில சொல்லிடாதீங்க.” வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் ‘இன்னாருடைய மகன் குடியிலிருந்து விடுதலையாக ஜெபியுங்கள்’ என்று ஒரு வரி போட்டால் போதும், அந்தப் பையனின் பெயர் முடிந்தது. கை கூப்பிய படங்கள் வரிசையாக வரும். தனியாக “யாரு, நம்ம மூணாவது தெருவா?” என்றும் வரும். மத்தேயு 18:15 சொல்வது நேரெதிர் வரிசை. முதலில் அந்த ஆளிடம் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப்போ, அப்புறம்தான் சபை. நாம் சபையில் தொடங்குகிறோம். பலநேரம் அந்த ஆளிடம் போய்ச் சேருவதே இல்லை. சொல்வதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் “இதை ஜெபத்தில் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுதாதீர்கள், வீட்டில் ஜெபியுங்கள்.

“நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல, இருந்தாலும் சொல்றேன்” என்று ஆரம்பிப்பது இன்னொரு தந்திரம். தன் உத்திரத்தைப் பார்த்துவிட்டதாகக் கணக்குக் காட்டிவிட்டு நேராகத் துரும்புக்குப் போவது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்தி வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி மோசேயைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூட்டம் கூடியது. இவர் வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்தார். என்ன இது என்றார்கள். “என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, நான் பார்ப்பதில்லை. இன்று இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன்” என்றார். அந்தச் சகோதரனை மன்னித்து அனுப்பினார்கள். முன்னுரையாகச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

வியாதி, கடன், குழந்தையின்மை என்று வந்தால் காரணம் கண்டுபிடிக்கும் அவசரம் நம்மைவிட்டுப் போவதில்லை. “தசமபாகம் ஒழுங்கா கொடுத்திருக்க மாட்டாங்க.” பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் யார் செய்த பாவம் என்றுதான். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. ஆனால் எனக்கு இதில் ஆசாரியனாகிய ஏலியின் கதைதான் அதிகம் உதவுகிறது. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியன், குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். பார்த்தது சரி, கணித்தது தப்பு. ஆனால் அதை அவளிடமே கேட்டார். அவள் “அப்படியல்ல, என் ஆண்டவனே” என்று தன் மனக்கிலேசத்தைச் சொன்னதும், சமாதானத்துடனே போ என்று ஆசீர்வதித்தார். கடுமையாகக் கேட்டார், உண்மைதான். ஆனாலும் ஒரே உரையாடலில் தப்புச் சரியாகிவிட்டது. அதையே தன் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் அந்த ஆலயம் இருந்த சீலோ ஊர் முழுக்க அன்னாள் குடிகாரிதான்.

நகை விஷயத்துக்கு ரோமர் 14 போதும். தாலிச் சங்கிலியையும் கழற்றிவைத்த பெந்தெகொஸ்தே சகோதரியும், கல்யாணத்துக்குக் கழுத்து நிறையப் போட்டுவரும் சி.எஸ்.ஐ. சகோதரியும் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டு விஷயத்தில் பவுல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே புத்தி சொல்லவில்லை. புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது, புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக்கூடாது. கட்டுப்பாடாக இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் சோதனை, சுதந்திரமாக இருப்பவர்களுக்குக் கேலி. கேலி செய்கிறவர்கள் தங்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

கடைசியாக, ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் பற்றி. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாலு பேரிடம் சொல்லியிருந்தால் அந்த நாலு பேருக்கும் போன் செய்து, “அன்னைக்குச் சொன்னேனே, அது எனக்கு நேரா தெரியாத விஷயம், தப்பா சொல்லிட்டேன்” என்று சொல்ல வேண்டும். குழுவில் போட்டிருந்தால் குழுவிலேயே எழுத வேண்டும். பதிவை அழித்தால் போதாது, அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.