‘கிறீப்’ எத்தனையாம் இடம்? இசைக்குழுவின் வெளியீட்டுப் பட்டியல் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உவர்மலையில் நண்பர் ஒருவர் வீட்டு விறாந்தையில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். ஒரு நாளைக்கு ஓர் இசைக்குழு. அன்று யாருடைய முறையோ அவர், அந்தக் குழு வெளியிட்ட இசைத்தட்டுகளையும் அவை தரவரிசைகளில் பிடித்த இடங்களையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும். பிரித்தானிய றொக் குழுவான ரேடியோஹெட்டுக்கான நாளில் ‘கிறீப்’ பாடல் எத்தனையாம் இடம் வந்தது என்று ஒருவர் கேட்டார். நான்கு பேர் நான்கு விடை சொன்னார்கள்: 78, 7, 34, 2. தேநீர் ஆறும்வரை வாக்குவாதம் நடந்தது. நால்வரும் சொன்னது சரி.

1992 செப்டெம்பரில் பிரித்தானியாவில் முதன்முறை வெளியானபோது அந்தப் பாடல் 78ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு மறுபடி வெளியிட்டார்கள். அப்போது அதே நாட்டில் 7ஆம் இடம். அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை எல்லா வகைப் பாடல்களுக்கும் சேர்த்து வெளியிடும் ஹொட் 100 பட்டியலில் 34ஆம் இடம். அதே பில்போர்ட் வெளியிட்ட ‘மொடேர்ன் றொக் ட்ரக்ஸ்’ பட்டியலில் 2ஆம் இடம். இந்தக் கடைசி எண்ணைக் கண்டவுடன் ‘அமெரிக்காவில் இரண்டாம் இடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்த கொப்பிகளில் அதிகம் கண்ட தவறு இதுதான். மொடேர்ன் றொக் பட்டியல் 1988 செப்டெம்பரில் தொடங்கியது. மாற்று றொக் இசையை ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் எந்தப் பாடலை எவ்வளவு போட்டன என்பதை மட்டுமே அது கணக்கிட்டது. கடையில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அது சொல்லவில்லை. நாட்டில் உள்ள எல்லா வானொலிகளையும் அது எண்ணவும் இல்லை. 2009இல் அதன் பெயரே மாறிவிட்டதால், பழைய பெயரில் ஒரு வரியும் புதிய பெயரில் ஒரு வரியுமாக ஒரே பட்டியலை இரண்டாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே ஓர் எண்ணை எழுதும்போது அதன் பக்கத்திலேயே எந்த நாடு, எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, முதல் வெளியீடா மறு வெளியீடா என்ற நான்கையும் எழுதுங்கள். இந்த நான்கும் இல்லாத எண், ஊர்ப் பெயர் இல்லாத பஸ் பலகைக்குச் சமம்.

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது. எண் இல்லாத கட்டத்தைத் தோல்வி என்று படிப்பது. உயர்தரம் படிக்கும் எங்கள் தம்பி ஒருவர் ‘கிட் ஏ’ அல்பத்துக்கு நேரே சிங்கிள் (தனியே விற்கும் பாடல்) தரவரிசை எதுவும் இல்லை என்று கண்டு, “அண்ணா, இந்த அல்பம் எடுபடவில்லைபோல” என்றார். 2000 ஒக்டோபரில் வெளியான அந்த அல்பம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதிலிருந்து ஒரு பாடலையும் சிங்கிளாக விற்பதில்லை என்று குழுவே முடிவெடுத்திருந்தது. விற்காத சிங்கிளுக்கு விற்பனைத் தரவரிசை எங்கிருந்து வரும்? அப்படியிருந்தும் அதிலுள்ள ‘ஒப்டிமிஸ்டிக்’ அமெரிக்க வானொலிகளில் ஒலித்து, நான் மேலே சொன்ன மாற்று றொக் பட்டியலில் ஏறியது.

1998 டிசெம்பர்வரை பில்போர்ட் ஹொட் 100 வைத்திருந்த விதியையும் இங்கே அறிந்திருக்க வேண்டும். கடையில் தனியே வாங்கக்கூடிய சிங்கிளாக வெளிவராத பாடல், எவ்வளவு ஒலித்தாலும் அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியாது. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ அமெரிக்க வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹொட் 100இல் அது அப்போது ஒரு வாரம்கூட இல்லை. தொண்ணூறுகளின் றொக் குழுக்களைப் பற்றி எழுதும் எவரும் இந்த விதியைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எல்லா வெற்றுக் கட்டத்துக்கும் ஒரே கோடு போடாதீர்கள். வெளியிடப்படவில்லை, வெளியிடப்பட்டும் இடம் பிடிக்கவில்லை, விதிப்படி தகுதியில்லை என்ற மூன்றுக்கும் மூன்று குறியீடு வேண்டும்.

திகதிகளில் நாங்கள் எல்லோரும் தடுக்கி விழுந்திருக்கிறோம். ‘ஓகே கொம்பியூட்டர்’ ஜப்பானில் 1997 மே 21, பிரித்தானியாவில் ஜூன் 16, அமெரிக்காவில் ஜூலை 1 என்று மூன்று முறை பிறந்தது. எதை எழுதினாலும் நாட்டின் பெயரோடு எழுதினால் பிழையில்லை. ‘இன் ரெயின்போஸ்’ இன்னும் சிக்கலானது. 2007 ஒக்டோபர் 10ஆம் திகதி குழு அதைத் தன் இணையத்தளத்திலேயே விட்டது. விரும்பிய விலையைக் கொடுத்து எடுக்கலாம், கொடுக்காமலும் எடுக்கலாம். கடைக்கு இறுவட்டாக வந்தது ஆண்டு முடியும் நேரத்தில்தான். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது 2008 ஜனவரியில். வெளியீட்டு ஆண்டு 2007, தரவரிசை ஆண்டு 2008 என்று இரண்டு கட்டங்களில் இரண்டு எண் வருவதைப் பார்த்துவிட்டு, எங்களில் ஒருவர் அதை எழுத்துப் பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விட்டார். கண்ணுக்கு முரணாகத் தெரிவதையெல்லாம் சமப்படுத்திவிடும் கை, பட்டியலுக்கு மிகவும் ஆபத்தான கை.

‘த கிங் ஒப் லிம்ப்ஸ்’ பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க மனம் வரவில்லை. ‘ஓகே கொம்பியூட்டர்’ முதல் ‘இன் ரெயின்போஸ்’ வரை அடுத்தடுத்து ஐந்து அல்பங்கள் பிரித்தானியாவில் முதலிடம். பிறகு 2011இல் இது 7ஆம் இடம். எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ‘சரிவு’ என்று எழுதுகிறார்கள். ஆனால் இறுவட்டு கடைக்கு வந்தது மார்ச் 28இல். குழு தன் தளத்தில் அதை விற்கத் தொடங்கியது பெப்ரவரி 18இல். முதல் நாளே கேட்கத் துடித்தவர்கள் ஐந்து கிழமைக்கு மேல் முன்னரே வாங்கி முடித்திருந்தார்கள். கடை வாசலில் மிஞ்சியவர்களை எண்ணிவிட்டு, இரசிகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்வது பெரிய அநியாயம்.

பில்போர்ட் திகதியைப் பற்றியும் ஒரு சொல். நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ பில்போர்ட் அல்பப் பட்டியலில் 144ஆம் இடத்தில் நுழைந்து 1992 ஜனவரி 11ஆம் திகதியிட்ட பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அது பத்திரிகை இதழின் திகதி. அந்த விற்பனை நடந்தது அதற்கு முந்திய, கிறிஸ்மஸை ஒட்டிய நாட்களில். புத்தாண்டு பிறந்து பத்து நாளில் திடீரென்று எல்லோரும் கடைக்கு ஓடியதாகக் கற்பனை செய்து எழுத வேண்டாம்.

எது அல்பம், எது அல்ல என்பதில் குழப்பம் வேண்டாம். ரேடியோஹெட்டின் ஸ்டூடியோ அல்பங்கள் ஒன்பது. 1993இன் ‘பப்லோ ஹனி’ முதலாவது, 2016இன் ‘எ மூன் ஷேப்ட் பூல்’ ஒன்பதாவது. ‘மை அயர்ன் லங்’ ஓர் ஈ.பி., அதாவது அல்பத்தைவிடக் குறைந்த பாடல்கள் கொண்ட வெளியீடு. 2001இன் ‘ஐ மைட் பி ரோங்’ மேடைப் பதிவு. 2008இல் வந்த தெரிவுத் தொகுப்பைக் குழு விட்டு விலகிய பழைய நிறுவனமே வெளியிட்டது. அதைத் தனித் தலைப்பின் கீழ் வையுங்கள். ரேடியோஹெட் பாடகர் தொம் யோர்க்கின் தனி அல்பமான ‘த இரேசர்’, பின்னர் வந்த ‘த ஸ்மைல்’ குழுவின் அல்பங்கள் ஆகியவற்றைப் பாடகர் ஒருவரே என்பதற்காக இந்தப் பட்டியலுக்குள் இழுக்கக் கூடாது.

பிளாட்டினம், கோல்ட் சான்றிதழ்களை விற்பனை எண்ணிக்கையாக நேரடியாக மாற்றுவதும் பிழை. ஓர் அல்பம் பிளாட்டினம் ஆவதற்குப் பிரித்தானியாவில் 300,000, அமெரிக்காவில் 1,000,000 தேவை. ஒரே சொல், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அமெரிக்காவில் நீண்ட இரட்டை அல்பத்தை இரண்டாக எண்ணுவார்கள். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் ‘மெலன் கொலி அண்ட் த இன்ஃபினிட் சட்னஸ்’ பெற்ற 10 மில்லியன் சான்றிதழ் 5 மில்லியன் தொகுதிகளுக்கு உரியது. அதோடு அந்த எண்ணிக்கை நெடுங்காலம் கடைகளுக்கு அனுப்பியதை வைத்தே கணிக்கப்பட்டது.

கடைசியாக, எங்கள் ஊருக்கே உரிய ஒரு தவறு. தொண்ணூறுகளின் முடிவில் இங்கே பாட்டு வந்து சேர்ந்தது பெரும்பாலும் பிரதி எடுத்த கசெற்றாகத்தான். 1998இல் கொழும்பில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணா, வெள்ளவத்தையில் ஒரு ரெக்கோடிங் பாரில் ‘ஓகே கொம்பியூட்டர்’ அல்பத்தை 60 நிமிடக் கசெற்றில் அடித்துக்கொண்டு இரவு ரயிலில் வந்தார். அல்பம் 53 நிமிடம். மிச்ச நாடாவை வீணாக்காமல் கடைக்காரர் கடைசியில் ‘கிறீப்’ பாடலையும் சேர்த்திருந்தார். உறையில் பேனாவால் எழுதியிருந்த பெயர்களிலும் அது பதின்மூன்றாவது பாடலாக இருந்தது. மின்சாரம் இருக்கும் இரவுகளில் அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ‘கிறீப்’ அந்த அல்பத்தின் முடிவுப் பாடல் என்பதில் பல ஆண்டுகள் ஒரு சந்தேகமும் எழவில்லை. என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கசெற் இருக்கும். ஆகவே நினைவில் இருந்து பாடல் வரிசையை எழுதாதீர்கள். கேட்ட ஆண்டை வெளியான ஆண்டாகவும் எழுதாதீர்கள். அசல் இறுவட்டின் உறையைப் பார்த்து எழுதுங்கள்.

அந்தக் கசெற் எந்த நாட்டுத் தரவரிசையிலும் எண்ணப்படவில்லை. வெளியீட்டுப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி ‘ஊருக்கு வந்தவை’ என்று தலைப்பிட்டு, முதல் வரியில் அதை எழுதியிருக்கிறேன்: 1998, வெள்ளவத்தையில் எடுத்த பிரதி, பதின்மூன்று பாடல்கள்.