பங்கு போட்டுப் பயிர் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

விவசாயிகளும் சாப்பிடும் குடும்பங்களும் கைகோத்து நடத்தும் உணவுக் கூட்டுகள் மண்ணில் தோற்பது குறைவு. கணக்கு நோட்டில்தான் தோற்கின்றன. முதல் கூட்டத்தில் ஐம்பது குடும்பங்கள் சேர்வதாகக் கை தூக்கும். ஐந்தாவது வாரம் தங்கள் பங்குக் காய்கறிப் பையை எடுக்க வருவது முப்பது பேர்தான். மிச்ச இருபது பைகளில் கிடக்கும் கீரை சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். சரி, அந்த நஷ்டம் யாருடையது? இதற்குப் பதில் எழுதிவைக்காமல் விதை வாங்கப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஜப்பானில் 1970களில் வேரூன்றிய ‘தெய்க்கெய்’ என்ற விவசாயி-நுகர்வோர் கூட்டு முறை இதை நேராகவே பேசிவிட்டது. 1978இல் வகுத்த அதன் பத்துக் கோட்பாடுகளில் இரண்டு: எதை எவ்வளவு விளைவிப்பது என்று இரு தரப்பும் முன்பே பேசி முடிக்க வேண்டும், அப்படிப் பேசி விளைந்ததை வாங்குபவர் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பங்குப் பண்ணைகளும் ஏறக்குறைய இதே வழிதான். விதை, கூலி, தண்ணீர், வண்டி என்று பருவத்தின் மொத்தச் செலவையும் பங்குகளாகப் பிரித்து முன்பணமாக வாங்கிவிடுவார்கள். மழை கெடுத்தால் பை இளைக்கும், பணம் திரும்பாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘பிடித்தால் வாங்குங்கள்’ என்று ஆரம்பித்தால் அது கூட்டு இல்லை, இன்னொரு கடை.

முன்பணம் கேட்டால் கையில் காசு இருப்பவர்கள் மட்டும் உள்ளே வர, மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்பதும் உண்மை. தவணை ஒரு வழி. ஜெர்மனியின் கூட்டுப் பண்ணைகள் பலவற்றில் இன்னும் நல்ல வழி உண்டு. ஆண்டுச் செலவைச் சபையில் வைப்பார்கள். அவரவர் தன்னால் முடிந்த தொகையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். கூட்டிப் பார்த்துத் துண்டு விழுந்தால் மறுபடி ஒரு சுற்று.

அப்புறம் அந்த ‘இடைத்தரகரை ஒழிப்போம்’ கோஷம். ஆள் போவார், அவர் பார்த்த வேலை போகாது. தரம் பிரிப்பது, எடை போடுவது, வண்டி பிடிப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் ஒரே தன்னார்வலர் தலையில் விழும். முதல் வருஷம் உற்சாகமாகச் செய்வார். இரண்டாம் வருஷம் போனை எடுக்கமாட்டார். அவர் சம்பளத்துக்கு பட்ஜெட்டில் ஒரு வரி இல்லையென்றால், அந்தச் செலவை அவர் வீடு தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சின்ன விஷயங்களும் இங்கேதான் கெடும். வெயிலில் பறித்த கீரையைச் சூடு ஆறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து, வீடு சேர்வதற்குள் அழுகத் தொடங்கும். விடிகாலையில் பறித்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டுவைக்க ஓர் ஆள் வேண்டும். அதுவும் கூலிதான்.

எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைத்தால் மூன்று வாரம் முள்ளங்கி மழை, அதன்பின் வெறும் பை. பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு, பாத்தி பாத்தியாக விதைக்க வேண்டும். மானியத்தில் குளிர்பதன அறை கட்டும் ஆசையிலும் நிதானம் தேவை. கட்டடம் மானியத்தில் வரும், மாதாமாதம் மின்கட்டணம் வராது.

‘பக்கத்திலேயே விளைந்தது, அதனால் சூழலுக்கு நல்லது’ என்று நோட்டீஸ் அடிக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்கக் குடும்பங்களின் உணவைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வொன்றில், அதனால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 83 சதவீதம் விளைவிக்கும் கட்டத்திலேயே வந்தது; போக்குவரத்து மொத்தமும் சேர்த்து 11 சதவீதம்தான். பாதி காலியாக ஓடும் சிறிய வண்டி, நிறைந்து வரும் லாரியைவிடக் கிலோவுக்கு அதிகம் எரிபொருள் குடிக்கலாம். நாலு பண்ணைகள் ஒரே வண்டியில் சரக்கு ஏற்றாமல் தூரத்தை மட்டும் பேசுவது வீண்.

பெரும்பாலும் யாரும் எழுதாத விதி, விலகும் விதி. நடுப் பருவத்தில் ஒரு குடும்பம் ஊர் மாறினால் அதன் பங்கு யாருக்கு? விவசாயி ஒருவர் விலகினால் அவருக்குக் கொடுத்த முன்பணம்? கூட்டாக வாங்கிய தராசும் கூடைகளும்? எல்லோரும் சிரித்துப் பேசும் முதல் மாதத்திலேயே இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கசப்பு வந்த பிறகு கூடினால், தராசு யாருடையது என்பதிலேயே சாயங்காலம் முழுவதும் போய்விடும்.