துணியை இழுக்காதீர்கள்: எம்ப்ராய்டரி மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் புதிதாக எம்ப்ராய்டரி மெஷின் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் தைத்ததைக் கொண்டுவந்து காட்டும்போது, பெரும்பாலும் பார்த்தவுடனே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. நானும் அதே வழியாக வந்தவள்தான். பாபினில் (கீழ்நூல் சுற்றிய சிறு உருளையில்) நூல் தீர்வது, ஊசியைத் திருப்பி மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மெஷினே காட்டிக்கொடுத்துவிடும். கடைசித் தையல்வரை அழகாக ஓடி, துணியைப் பிடித்திருக்கும் இரட்டை வளையமான ஹூப்பிலிருந்து கழற்றிய பிறகு துணியைக் கெடுக்கும் தவறுகள் வேறு. அவற்றால்தான் ஆசையாக ஆரம்பித்தவர்கள் மெஷினை மூடி வைத்துவிடுகிறார்கள்.

கீழே நூல் சிக்கினால் பாபினைத் திருகுவது

துணிக்கு அடியில் நூல் பந்தாகச் சுருண்டால், கீழேதானே சிக்கல் என்று எல்லோரும் பாபின் கேஸின் திருகைத் தொடுகிறார்கள். அநேகமாக எப்போதும் காரணம் மேல்நூல்தான். அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்குள் போகாது. பிடிப்பு இல்லாத மேல்நூல் முழுவதும் கீழே இறங்கிக் குவியும். பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து மறுபடி கோத்துவிடுங்கள்.

டென்ஷன் சரியா என்று பார்க்க ஒரு சாட்டின் தையல் (இடமும் வலமுமாக நெருக்கமாக விழும் தையல்) கோட்டைத் தைத்துத் திருப்புங்கள். பின்பக்கத்தில் நடுவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இரண்டு ஓரத்திலும் மேல்நூலும் தெரிந்தால் எதையும் தொட வேண்டாம்.

துணியை மத்தளம் போல இழுத்துக் கட்டுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ‘ஹூப்பில் துணி மத்தளம் மாதிரி விறைப்பாக இருக்கணும்’ என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல, இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ நல்ல சட்டைகளை வீணாக்கிவிட்டது. இன்னமும் யாராவது இதைச் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விறைப்பாக இருக்க வேண்டியது, துணியைத் தாங்க அடியில் வைக்கும் தாளான ஸ்டெபிலைசர். துணி அதன்மேல் சுருக்கமில்லாமல் படிந்திருந்தால் போதும்.

என் தோழி ஒருத்தி அக்கா மகனுக்காக மெல்லிய பனியன் துணி டி-ஷர்ட்டில் ஒரு யானையைத் தைத்தாள். உள்ளே முழுக்க நிரப்பிய டிசைன், கிட்டத்தட்ட 20,000 தையல். நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். நிறம் மாற்றும் நேரம் தனி. ஹூப்பைப் பூட்டிய பிறகு நான்கு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்து இழுத்து விறைப்பாக்கியிருக்கிறாள். அடியில் கிழித்தெடுக்கும் வகை ஸ்டெபிலைசர் ஒரே ஒரு தாள். ஹூப்பில் இருந்தவரை யானை அவ்வளவு அழகு. படம்கூட எடுத்து அனுப்பினாள். கழற்றியதும் யானையைச் சுற்றித் துணி அலை அலையாக எழும்பிவிட்டது. தேய்த்தும் போகவில்லை. டென்ஷன் கோளாறு என்று நினைத்து மெஷினைச் சர்வீசுக்குக் கொடுத்தாள். நன்றாக இருந்த டென்ஷனை அங்கே மாற்றி வைத்தார்கள். அப்புறம் சாதாரணப் பருத்தித் துணியில்கூட நூல் சரியாக விழவில்லை. ஒரு சட்டையோடு போக வேண்டிய நஷ்டம் மெஷின்வரை போனது.

நடப்பது இதுதான். பனியன் துணியை இழுத்துப் பூட்டினால் அது விரிந்த நிலையில் நிற்கிறது. அந்த நிலையிலேயே ஆயிரக்கணக்கான தையல்கள் அதைப் பூட்டிவிடுகின்றன. ஹூப்பைக் கழற்றியதும் டிசைனுக்கு வெளியே உள்ள துணி பழைய அளவுக்குத் திரும்புகிறது. உள்ளே உள்ளது திரும்ப முடியாது. இந்த வித்தியாசம்தான் சுருக்கம். போதாததற்கு, ஒவ்வொரு தையலும் தான் ஓடும் திசையில் துணியை உள்ளே இழுக்கும். வட்டம் முட்டையாவதும், ஓரக்கோடு உள்நிரப்பிலிருந்து விலகி நிற்பதும் இதனால்தான். நல்ல டிசைனில் இதை ஈடுகட்டத் தையலைக் கொஞ்சம் நீட்டியே வைத்திருப்பார்கள். ஆனால் அடியில் பிடிமானம் இல்லையென்றால் எந்த ஈடும் போதாது.

சரி, எப்படிப் பூட்டுவது? வெளி வளையத்தைச் சமமான மேசையில் வையுங்கள். திருகைத் தளர்த்துங்கள். ஸ்டெபிலைசர், அதன்மேல் துணி, அதன்மேல் உள் வளையம். ஒரே அழுத்தில் உள்ளே போகும் அளவுக்குத் திருகை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். உள்ளே போன பிறகு துணியின் ஓரத்தை இழுக்கவே கூடாது. இழுக்கத் தோன்றினால் கழற்றி மறுபடி பூட்டுங்கள்.

சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரு வழி உண்டு. பூட்டும் முன் துவைத்தால் போகும் பேனாவால் துணியில் குறுக்கும் நெடுக்குமாக 5 செ.மீ. கோடுகள் இரண்டு போடுங்கள். பூட்டிய பிறகு அளந்து பாருங்கள். 5.3 என்று காட்டினால் நீங்கள் துணியை இழுத்துவிட்டீர்கள். பனியன் துணியில் பின்னல் வரிகளே இதைச் சொல்லும்: வளையத்தின் ஓரத்தில் அவை வளைந்திருந்தால் துணி விரிந்திருக்கிறது.

இழுபடும் துணிகளுக்கு நான் துணியை ஹூப்பில் பூட்டுவதே இல்லை. ஸ்டெபிலைசரை மட்டும் விறைப்பாகப் பூட்டி, தற்காலிகப் பசை ஸ்ப்ரேயை லேசாக அடித்து, அதன்மேல் துணியைக் கையால் தடவிப் படிய வைப்பேன். மெஷினில் சுற்றி நீளத்தையல் போடும் வசதி இருந்தால் முதலில் அதை ஓட்டிவிடுவேன். துணி நகராது. வெல்வெட்டில் வளையத் தடம் விழும் பிரச்சினையும் இதில் இல்லை. ஸ்ப்ரேயை மட்டும் மெஷின் பக்கத்தில் அடிக்காதீர்கள், பசை உள்ளே போய் ஒட்டும்.

ஸ்டெபிலைசர் வகையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். இழுபடும் துணிக்கு வெட்டியெடுக்கும் வகைதான். அது துவைத்த பிறகும் டிசைனுக்கு அடியில் இருந்து தாங்கும். தைத்து முடித்ததும் டிசைனைச் சுற்றி ஒரு செ.மீ. அளவு விட்டு வெட்டுங்கள். கிழித்தெடுக்கும் வகை இழுபடாத நெய்த துணிக்குச் சரி. அதைக் கிழித்துவிட்டால் தையலைத் தாங்க அடியில் ஒன்றும் இருக்காது; பனியன் துணியில் அது நிச்சயம் தெரியும். குழந்தை உடை என்றால், உட்பக்கம் தோலில் உரசாமல் இருக்க, தேய்த்து ஒட்டும் மென்மையான துணியை அந்த உட்பக்கத் தையலின்மேல் ஒட்டிவிடுங்கள்.

டிசைனை மெஷினிலேயே இஷ்டத்துக்குச் சுருக்குவது

டிசைன் ஃபைல் படம் அல்ல. ஊசி எங்கெங்கே இறங்க வேண்டும் என்ற பட்டியல். 100 மி.மீ. அகல டிசைனை 80 மி.மீ. ஆக்கினால் பரப்பு 64 சதவீதமாகிவிடும். தையல் எண்ணிக்கையை மெஷின் மறுபடி கணக்கிடாவிட்டால் அத்தனை தையலும் அந்தச் சின்ன இடத்துக்குள் விழும். சாதாரண 40ஆம் எண் நூலுக்கு வரிசைகளுக்கு இடையே சுமார் 0.4 மி.மீ. இடைவெளி வேண்டும். இந்தச் சுருக்கலில் அது 0.32 ஆகிவிடும். துணி அட்டையாக விறைக்கும், நூல் அறும், ஊசி உடையும். 10 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டுமென்றால் தையலைக் கணக்கிட்டு மாற்றும் மென்பொருளில் செய்யுங்கள், அல்லது வேண்டிய அளவிலேயே டிசைன் வாங்குங்கள்.

எழுத்துகளுக்கு இது இன்னும் முக்கியம். 5 மி.மீ. உயரத்துக்குக் குறைந்த எழுத்தை 40ஆம் எண் நூலில் தைத்தால் சுழிகள் அடைந்துபோகும். 60ஆம் எண் நூல் இன்னும் மெல்லியது. அதோடு மெல்லிய ஊசியும் போட்டால் எழுத்து தெளியும்.

பழைய ஊசி

எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி.

சின்ன டிசைனுக்குப் பெரிய ஹூப்

வேண்டாம். டிசைன் அடங்கும் மிகச் சிறிய ஹூப்தான் துணியை நன்றாகப் பிடிக்கும்.

டவலில் மேலே எதுவும் வைக்காமல் தைப்பது

டவலின் நூல் கண்ணிகள் தையலுக்கு இடையே எட்டிப் பார்க்கும். நீரில் கரையும் மெல்லிய படலத்தை மேலே விரித்துத் தையுங்கள். மிச்சத்தைக் கிழித்துவிட்டு நனைத்தால் போய்விடும்.

நிறம் தப்பாகக் காட்டுகிறதே என்று பதறுவது

டி.எஸ்.டி. (.dst) வகை டிசைன் ஃபைலில் எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும், என்ன நிறம் என்பது இருக்காது. டிசைனோடு வரும் நிறப் பட்டியலைப் பார்த்து நூலை மாட்டுங்கள்.

நேராக உடையிலேயே தைப்பது

அதே வகைத் துணி, அதே ஸ்டெபிலைசர், அதே ஊசி: முதலில் இதில் ஒன்று தைத்துப் பாருங்கள். கிழிந்த பனியன்களையும் பழைய டவல்களையும் தூக்கிப் போடாமல் இதற்கென்று எடுத்து வைக்கிறேன். தைத்ததைக் கழற்றி, துவைத்து, காய்ந்த பிறகு பாருங்கள். சுருக்கம் சில நேரம் துவைத்த பிறகுதான் வெளியே வரும். நன்றாக வந்த துண்டின் ஓரத்திலேயே ஸ்டெபிலைசர் வகை, ஊசி எண், டிசைன் அளவு மூன்றையும் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை அதே துணி கைக்கு வரும்போது அந்தத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு நேராக வேலையைத் தொடங்கலாம்.