அமெரிக்கக் கடல் ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியம் என்றாலே பலருக்கு மலையும் அருவியும்தான் நினைவுக்கு வரும். தேச உணர்வைக் கடலில் தேடுபவர்களும் போர்க்கப்பலையும் கொடியையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிரிட்டனோடு நடந்த 1812 போரின் கடற்சண்டைகளைத் தாமஸ் பர்ச் வரைந்தார், உண்மைதான். ஆனால் அவர் பிறந்தது இங்கிலாந்தில். பாஸ்டன் துறைமுகத்தை வரைந்த ராபர்ட் சால்மனும் அங்கிருந்து வந்தவரே. அதனால் ‘கலப்பில்லாத அமெரிக்கப் பாணி’ என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் ‘ப்ரீசிங் அப்’ (காற்று வலுக்கிறது) ஓவியத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகு, ஒரு பெரியவர், மூன்று பையன்கள். ஜாலியான சவாரி என்று கடந்து போனால் நஷ்டம் நமக்குத்தான். 1873 முதல் 1876 வரை ஹோமர் இதைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் அடியில் இருந்தது தெரிந்தது: நான்காவது பையன் ஒருவன் இருந்திருக்கிறான், தூரத்தில் இன்னொரு கப்பலும். ஒரு கட்டத்தில் பாய்க்கயிறு, படகைத் திருப்பும் சுக்கான் இரண்டுமே பெரியவர் கையில். முடிந்த ஓவியத்தில் சுக்கான் பையனிடம் போய்விட்டது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் 1865-இல் ஓய்ந்து, அமெரிக்கச் சுதந்திரத்தின் நூறாவது ஆண்டான 1876-இல் இது காட்சிக்கு வந்தது. அன்று பார்த்தவர்களுக்கு அந்தப் பையனின் கை எவ்வளவு சொல்லியிருக்கும்!

அதே ஹோமரின் ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ (அட்லாண்டிக் கடல் நீரோட்டம் ஒன்றின் பெயர், 1899) ஓவியத்தை இயற்கையோடு மனிதன் போராடும் காட்சி என்று மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாய்மரம் முறிந்த படகு, சுற்றிலும் சுறாக்கள், நடுவே தனியாக ஒரு கறுப்பினத்தவர். படகின் தளத்தில் கிடப்பது கரும்பு. அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த கரீபியக் கரும்புத் தோட்டங்களை மறந்துவிட்டு அந்தக் கரும்பைப் பார்க்கவே கூடாது. அமெரிக்கத் தேசத்தில் யாருக்கு இடம் என்ற கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

அப்புறம், எதிர்த்திசைத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் குறியீடாக்குவது. அமெரிக்க ஓவியர் ஃபிரெடெரிக் சர்ச்சின் ‘ஐஸ்பெர்க்ஸ்’ (பனிப்பாறைகள்), அந்த உள்நாட்டுப் போர் வெடித்த சில நாட்களில், 1861 ஏப்ரலில், நியூயார்க்கில் ‘வடக்கு’ என்ற தலைப்போடு வைக்கப்பட்டது. அந்தத் தலைப்பில் அரசியல் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் முன்னால் தெரியும் முறிந்த பாய்மரத்தைப் ‘பிளந்த நாடு’ என்று விளக்கும் முன் நிதானியுங்கள். சர்ச் அதைச் சேர்த்ததே பின்னால், 1863-இல் லண்டன் காட்சிக்கு முன்புதான். நியூயார்க்கில் பார்த்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை.