ஞாபகார்த்தக் குழாய்கள்: வரலாறு எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் திருவிழா மலர் ஒன்றுக்காகப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையைப் பற்றி முன்பு எழுதினேன். பீலி என்றால் மலைத் தண்ணீர் வந்து விழும் குழாய்; தோட்டத்து மக்கள் குடம் நிறைக்கும் இடம். பீலிக்குப் பின்னே சீமெந்துச் சுவர், அதில் ஒரு சிறு கல். கல்லில் ஒருவரின் பெயர், 'ஞாபகமாக' என்ற சொல், 'பிங்கள வருடம் மாசி மாதம்' என்ற காலக் குறிப்பு. வேறொன்றும் இல்லை. கறுத்துப் பாசி படர்ந்திருந்ததால் மிகப் பழசு என்று நானாகவே முடிவுகட்டி, 'அமரர் இன்னாரின் நினைவாக 1918இல் கட்டப்பட்ட பீலி' என்று அச்சேற்றிவிட்டேன். மலர் வெளியான மறுநாள் கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். "தம்பி, அந்தச் சுவருக்குச் சீமெந்து குழைத்தவளே நான்தான். அவர் எங்கே செத்தார்? கப்பலேறி ஊருக்கல்லவா போனார்!"

ஒரு வாக்கியத்தில் மூன்று தவறுகள். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்த 'மலையகம் 200' நினைவுகளுக்குப் பிறகு தங்கள் தோட்டத்தின் கல், கோயில், குழாய் எல்லாவற்றையும் பதிவுசெய்யப் பல இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் என்னைப்போல் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆண்டு. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பிங்கள 1917 சித்திரையிலும் பிறந்தது, 1977 சித்திரையிலும் பிறந்தது. அந்த வருடத்து மாசி என்றால் 1918ஆகவும் இருக்கலாம், 1978ஆகவும் இருக்கலாம். பாசியை நம்பக் கூடாது. மலையகத்து ஈரத்தில் ஐந்தே ஆண்டில் புதுக் கல்லும் கிழடாகிவிடும். எழுத்தின் வடிவம், சுவரின் சீமெந்து, தண்ணீர் வரும் குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, அந்த லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஆக வயதானவரிடம் கேட்ட பிறகே ஆங்கில ஆண்டை எழுத வேண்டும். நான் கேட்காமல் எழுதினேன்.

இரண்டாவது, 'ஞாபகம்' என்ற சொல். அதைக் கண்டவுடனேயே 'அமரர்' என்று சேர்க்கக் கை துடிக்கும். தோட்டத் தமிழரில் பெரும் பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கையெழுத்தான பின், குறிப்பாக எழுபதுகளில், எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னார்வரை ரயிலிலும் அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலிலும் போயின. அந்த ரயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போகிறவர்களும் இருக்கிறவர்களும் செத்தவீட்டில் அழுவதுபோல் அழுதார்கள் என்பதால் வந்த பெயர் அது. நான் அமரராக்கிய மனிதரும் அப்படிப் போனவர்தான். கையிலிருந்த கொஞ்சம் காசில், தான் தினமும் தண்ணீர் பிடித்த இடத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார். நினைவுக் கல் என்றால் இறந்தவருக்கு என்பது வேறு ஊர்களின் கணக்கு. இங்கே பிரிந்து போனவர்களும் கல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது தவறு 'கட்டப்பட்ட பீலி' என்றது. சுவர்தான் 1978. பீலி அதற்கும் முந்தியது. மலை ஊற்றிலிருந்து மூங்கிலைப் பிளந்து தண்ணீர் இறக்கிய காலத்திலிருந்தே அந்த இடத்தில் குடம் நிறைந்துவந்திருக்கிறது. மூங்கில் போய்த் தகரம் வந்தது, தகரம் போய்க் குழாய் வந்தது, அதற்கும் பின்னால்தான் கல் வந்தது. கல்லின் திகதியைத் தண்ணீரின் திகதியாக எழுதுவதைப்போல் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை வேறில்லை.

கொழும்பிலும் இதே கதைதான். புறக்கோட்டையின் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாதவர் யார்? பிரம்ஜி பிக்காஜி கான் என்ற பார்சி வணிகரின் நினைவாக அவருடைய மகன்மார் இருவர் எழுப்பியது அது. கல்வெட்டில் உள்ள திகதி 1923 ஜனவரி 4. அவர் இறந்தது அன்றைக்கு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அதே கல்வெட்டை இன்னும் ஒரு வரி படித்திருந்தால், அது தந்தையின் 45ஆவது நினைவு நாள் என்பது தெரிந்திருக்கும். ஆக, அவர் மறைந்தது 1878இல். இன்னொன்றும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. மகன்மார் நகர மக்களுக்குக் கொடுத்தது மணிக்கூட்டுக் கோபுரம் மட்டுமல்ல, கோபுரமும் நீர்த்தாரையும் என்று அது சொல்கிறது. மணிக்கூடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தண்ணீரைப் பற்றிப் பஸ் நிலையத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

இனி சொல்லில் வரும் குழப்பம். ஆங்கிலத்தில் அழகுக்குப் பீய்ச்சும் நீரூற்றுக்கும் தாகம் தீர்க்கும் குழாய்க்கும் ஒரே சொல்தான். நமக்கு அப்படியில்லை. ஆங்கில ஆவணத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, 'குடிநீர் நீரூற்று' என்று யாரும் பேசாத ஒரு சொல்லையும் உண்டாக்கிவிடுகிறார்கள். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே வார்ப்பிரும்பு நீரூற்று ஒன்று நிற்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், கண்டிக்கு வந்துபோனதன் நினைவாகக் காப்பித் தோட்டத் துரைமார் நிறுவியது. அது நினைவுச் சின்னம் என்பது உண்மை. தாகத்துக்காக வைத்தது என்று எழுதினால் தவறு. அது ஓர் அரச வருகையின் அலங்காரம். அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள், வழியில் நோயிலும் தாகத்திலும் விழுந்தவர்கள் பலர். அவர்கள் பெயரில் துரைமார் எழுப்பிய நீரூற்றைத் தேடினால் கால்தான் வலிக்கும்.

பொதுக் குடிநீர்க் குழாயின் தொடக்கத்தைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். ஒரு சாரார் எல்லாம் லண்டனில் தொடங்கியதாக எழுதுவார்கள். இலவசக் குடிநீர்க் குழாய்கள் வைப்பதற்காகச் சாமுவேல் கர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அமைத்த சங்கம், 1859 ஏப்ரல் 21 அன்று ஹோல்போர்னில் புனித செபல்கர் தேவாலய மதிலில் தன் முதல் குழாயைத் திறந்தது என்பது சரி. ஆனால் இங்கிலாந்துக்குள்ளேயே அது முதலாவது அல்ல. லிவர்பூலில் சார்ல்ஸ் மெலி என்ற வணிகர் 1854இலேயே தொடங்கிவிட்டார். அதே 1854இல்தான் லண்டன் சோஹோவில் ஒரு தெருப் பம்பின் தண்ணீரே கொலராவைப் பரப்புகிறது என்று மருத்துவர் ஜோன் ஸ்னோ காட்டினார். சுத்தமான தண்ணீர் கிடைக்காதவன் சாராயக் கடைக்குப் போவான் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அந்தக் குழாய்கள் கருணையால் மட்டும் வந்தவையல்ல, பயத்தாலும் வந்தவை.

மறு சாரார், 'எல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தது' என்பார்கள். இருந்தது, வேறு மாதிரி. தண்ணீர்ப் பந்தல் கோடைக்குப் போட்டுக் கோடை முடியப் பிரிப்பது. சிங்களக் கிராமங்களின் பின்தாலிய, வழிப்போக்கருக்காகச் சிறு கூரையின் கீழ் வைக்கும் புண்ணியப் பானை, பக்கத்தில் ஒரு சிரட்டை. இவற்றில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். லண்டன் குழாயின் புதுமை அந்த ஆளை நீக்கியது. தண்ணீர் ஊற்றும் கைக்குப் பதிலாக ஒரு குழாயும், அதைப் பராமரிக்க ஒரு சங்கமும் வந்தன. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறாகாது.

ஆண்டுகள் ஒத்துப்போவதைக் கண்டு உறவு கட்டுவதும் ஒரு வியாதி. 1867இல் அந்த லண்டன் சங்கம் கால்நடைத் தொட்டியையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கி, காப்பி சுமந்த மாட்டு வண்டிகளின் பிழைப்பில் கைவைத்தது. அதே ஆண்டு கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். மூன்றையும் ஒரே நூலில் கோத்து யாராவது ஒரு கட்டுரை கொண்டுவந்தால், அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'உபயம்' என்று பொறித்த பெயருக்கு வருவோம். நினைவு யாருக்கு, காசு யாருடையது, உழைப்பு யாருடையது என்பவை மூன்று கேள்விகள். பெரிய கங்காணி உபயம் என்று கல் சொன்னாலும், காசு அவர் மடியிலிருந்து வந்ததா, கோயில் காசுபோலத் தொழிலாளரின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பிடித்ததா என்று விசாரிக்க வேண்டும். கல் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. பாதி சொல்கிறது. பெரியபுராணத்தில் அப்பூதி அடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, தான் கண்ணால்கூடக் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை அதற்கு இட்டார். அந்த வழியே வந்த நாவுக்கரசரே, உமது பெயரை விட்டு வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று கேட்டபோது, வந்தவர் யாரென்று அறியாத அப்பூதிக்குக் கோபம் வந்துவிட்டது. இன்றைய கல்வெட்டுகளில் இறந்த தாயின் பெயர் ஒரு விரல் உயரம், கட்டிய மகனின் பெயர் ஒரு சாண் உயரம். வரலாறு எழுதுகிறவர்கள் அந்த எழுத்தின் அளவையும் குறித்துக்கொள்ளலாம், அதுவும் தகவல்தான்.

எல்லோரும் தாண்டிப் போகும் கேள்வி ஒன்று உண்டு. யார் குடித்தார்கள்? 'பொதுக் குழாய்' என்று எழுதியிருப்பதால் எல்லோரும் குடித்தார்கள் என்றாகிவிடாது. இந்தியாவின் மகாராஷ்டிரப் பகுதியிலுள்ள மகாத் நகரின் சவதார் குளம் சட்டப்படி எல்லோருக்கும் திறந்திருந்தும், அங்கே தண்ணீர் அள்ள 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஓர் ஊர்வலத்தையே நடத்த வேண்டியிருந்தது. நம் தோட்டங்களிலும் சாதி கப்பலில் கூடவே வந்தது. மேட்டு லயத்தார் முதலில் பிடித்தார்களா, பணிய லயத்தார் காத்து நின்றார்களா, குடம் படக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? கேட்டால் முதலில் சிரித்து மழுப்புவார்கள். இரண்டாம் முறை போகும்போது சொல்வார்கள். பெண்களிடம் கேளுங்கள். விடியற்காலையில், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிப்பதற்கு, முன்னால், அந்த வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான். நான் திருத்தம் எழுதப் போனபோது பாட்டியின் பெயரையும் சேர்க்கவா என்று கேட்டேன். "பெயர் இருக்கட்டும் தம்பி, மேலே தொட்டியில் இலை அடைத்திருக்கிறது, அதை எடுக்க ஆள் அனுப்பு" என்றார். பெயரையும் சேர்த்தோம், இலையையும் எடுத்தோம்.

பதிவுசெய்யும்போது கல்லைக் கெடுத்துவிடாதீர்கள். கம்பித் தூரிகையால் உரசுவது, எழுத்துக்குள் சுண்ணாம்பு தேய்ப்பது, திருவிழாவுக்கு எனாமல் பூசுவது, மூன்றும் கூடாது. மாலை இருட்டில் டோர்ச் லைட்டைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். பகலில் தெரியாத எழுத்துகூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

புதுப்பிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டங்களுக்குள் செலவு செய்யச் சபைகளுக்குச் சட்டம் இடையூறாக இருந்தது. இப்போது கேட்கலாம், கேட்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் 'குடிநீர்' என்று பலகை மாட்டக் கூடாது. ஊற்றுக்கு மேலே தேயிலை மலை இருந்தால் மருந்தும் உரமும் மழையோடு இறங்கும், லயத்துக் கழிவறை இருந்தால் வேறொன்றும் இறங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரி எடுப்பிப்பது பெரிய வேலையல்ல.

பழமைக்காகச் சங்கிலிக் கோப்பை தொங்கவிடும் ஆசையும் வேண்டாம். லண்டனின் முதல் குழாயில் கோப்பை இருந்தது உண்மைதான். கோப்பையைத் திரும்ப வைக்கவும் என்று கல்லிலேயே பொறித்திருந்தார்கள். ஆனால் ஒரே கோப்பையில் எல்லோரும் வாய்வைத்தால் நோயும் கைமாறும் என்று கண்டு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் 1909இலேயே பொதுக் கோப்பையைத் தடைசெய்தது. எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஒரு குழாயைப் புதுப்பித்தபோது பித்தளைக் கோப்பையொன்றைச் சங்கிலியில் கட்டினார்கள், பார்க்க நன்றாகவே இருந்தது. பரிசோதகர் வந்த அன்றே கழற்றச் சொல்லிவிட்டார். கோப்பை இப்போது வாசிகசாலை அலமாரியில் கிடக்கிறது, சங்கிலியோடு.