கர்ப்ப காலத்தில் பிறப்புறுப்பில் கொப்புளம்: என்ன செய்வது, எதைத் தடவக் கூடாது

வெள்ளைப்படுவது பெரும்பாலும் வைரஸால் அல்ல. வைரஸ் வந்தால் கொப்புளமாகவோ மருவாகவோ தெரியும். இல்லாவிட்டால் வெளியில் எதையும் காட்டாமல் ரத்தத்தில் இருக்கும். வெள்ளைப்படுவதையும் வைரஸையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாத மாத்திரையை விழுங்குகிறார்கள்.

மாசமாக இருக்கும்போது வெள்ளை கூடுவது இயல்பு. பால் நிறத்தில், மெல்லிசாக, வாடையோ அரிப்போ இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். திப்பிதிப்பியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சை. சாம்பல் நிறமும் மீன் வாடையும் பாக்டீரியாவைக் காட்டும். பூஞ்சைக்கு டாக்டர் எழுதும் குளோட்ரிமசோல் 100 மி.கி. மாத்திரையை இரவு படுக்கும் முன் பிறப்புறுப்பின் உள்ளே வைக்க வேண்டும். அதோடு வரும் குழாய் வேண்டாம், நன்றாகக் கழுவிய விரல் போதும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கினாலும் சொன்ன ஆறேழு இரவையும் முடியுங்கள். பாதியில் விட்டால் திரும்ப வரும். வாயில் போடும் ஃப்ளூகோனசோல் கர்ப்பத்தில் கூடாது. அரசு பால்வினை நோய் மையங்களில் வெள்ளைப்படுதலுக்குத் தரும் பச்சைப் பொட்டலத்தில் அதுவும் இருக்கும். வயிறு தெரியாத மாதமென்றால் மருந்து வாங்கும் முன்பே ‘மாசமா இருக்கேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீராகக் கசிந்து நாப்கின் நனைந்துகொண்டே இருந்தால் அது வெள்ளை அல்ல, பனிக்குட நீராக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி கொப்புளம். முதலில் சுரீரென்ற எரிச்சல், பிறகு கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளம், அது உடைந்து புண், சிறுநீர் பட்டால் தாங்க முடியாத வலி என்று வந்தால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் என்றே சந்தேகப்பட வேண்டும். நம் பக்கம் இதைச் சூட்டுக் கொப்புளம் என்பார்கள், அல்லது அக்கி என்று காவி பூசுவார்கள். காவி, மஞ்சள், வேப்பிலை அரைத்தது, எதுவும் வேண்டாம். திறந்த புண்ணில் வேறு கிருமி ஏறும், டாக்டருக்கும் புண்ணின் முகம் தெரியாது. கொப்புளம் புதிதாக இருக்கும்போது எடுக்கும் மாதிரியில்தான் வைரஸ் நன்றாகத் தெரியும். பொருக்குத் தட்டிய பின் தெரியாமல் போகலாம். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலை ஊர்க்காரர்கள் நாளைக்குப் போகலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே கிளம்புங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம்.

அசைக்ளோவிர், ஹெர்பிஸுக்குக் கர்ப்பத்தில் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து. வழக்கமான அளவு 400 மி.கி., நாளைக்கு மூன்று வேளை. எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்வார். வலிக்கு பாராசிட்டமால் போதும், புரூஃபன் வகை மாத்திரை வேண்டாம். சிறுநீர் எரிந்தால் அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தபடியே போய்விடுங்கள். சிறுநீரே போகவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எப்போது வந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பழைய ஹெர்பிஸ் மறுபடி தலைகாட்டினால், தாயின் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே குழந்தைக்குப் போயிருக்கும். ஆபத்து மிகக் குறைவு. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில் முதன்முதலாக வந்தால் அந்த எதிர்ப்புப் பொருள் குழந்தைக்குப் போக நேரமில்லை. சுகப்பிரசவத்தில் 100-க்கு 30 முதல் 50 குழந்தைகளுக்குத் தொற்றலாம் என்பதால் சிசேரியன் செய்வார்கள். முன்பு ஒருமுறை வந்திருந்தாலும், கணவருக்கு வந்திருந்தாலும், கூச்சப்படாமல் தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினால் வலி வரும் நேரத்தில் புண் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கணவருக்கு இருந்தால் கடைசி மூன்று மாதம் உறவு வேண்டாம், வாயில் கொப்புளம் உள்ளவர் வாய்வழி உறவும் வேண்டாம்.

மரு என்றால் அது எச்பிவி என்ற வைரஸ். கர்ப்பத்தில் வேகமாக வளரும், பிரசவத்துக்குப் பின் தானே சுருங்குவதும் உண்டு. சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள். மருவில் தடவும் போடோபிலின் மருந்தும் ஆகாது. வழியை அடைத்தாலோ, ரத்தம் அதிகம் போகும் என்றாலோ தவிர மருவுக்காக சிசேரியன் தேவையில்லை.

எச்ஐவி, மஞ்சள் காமாலை பி வைரஸ் இரண்டும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். எச்ஐவிக்கு அரசு நம்பிக்கை மையத்திலும் பார்ப்பார்கள். தாய்க்கு பி வைரஸ் இருந்தால் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் பிறந்தவுடன், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவிக்கும் இடத்தில் அந்த மருந்து இருக்கிறதா என்று ஒன்பதாம் மாதமே விசாரித்து வையுங்கள்.

கழுவுவது வெளியே மட்டும், வெறும் தண்ணீரில், முன்னிருந்து பின்னாக. டெட்டால் ஊற்றி உள்ளே கழுவினால் காக்கும் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் அழிந்து உள்ளே இருக்கும் புளிப்பு (அமிலத் தன்மை) குறையும், மீன் வாடை அதனாலும் வரலாம். உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும். அதைச் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் ஈரம் போகாது, வெயில் படட்டும்.

குழந்தை பிறந்த பின், உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், பாட்டியே ஆனாலும், முத்தம் கொடுக்கக் கூடாது. முதல் நான்கு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, காய்ச்சல், வலிப்பு, கொப்புளம் கண்டாலோ, தாய்க்கு ஹெர்பிஸ் இருந்ததைச் சொல்லியே சேருங்கள். ஊசி மருந்தை அன்றே தொடங்க வேண்டியிருக்கும்.