ஓர் எழுத்து ஒரு பைட் அன்று

புதிதாகச் சேரும் நிரலாளர்களின் நிரல்களைச் சரிபார்க்கும்போதெல்லாம், தமிழ் எழுத்துகளைக் கையாள்வதில் பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் கண்ணில் படுகின்றன. கோப்பை யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையில் சேமிக்க மறப்பதும், எழுத்துரு இல்லாமல் திரையில் கட்டங்கள் தோன்றுவதும் முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, எளிதில் பிடிபடாத மூன்று தவறான எண்ணங்களை மட்டும் சொல்கிறேன்.

பைட்டுகளை எண்ணிவிட்டு எழுத்துகள் என்று நம்புவது

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை, 7 பிட்டுகளில் (பிட் என்பது 0 அல்லது 1) 128 குறிகளை வைத்திருந்தது. ஆங்கிலத்துக்கு அதுவே போதுமானதாக இருந்ததால், ஓர் எழுத்துக்கு ஒரு பைட் (8 பிட்) என்னும் எண்ணம், சி நிரல்மொழியில் எழுத்தைக் குறிக்கும் 'கேர்' வகையிலேயே ஊறிப்போயிற்று. 1991இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடின் முதல் பதிப்பும், 1992இல், அந்த எண்களைப் பைட்டுகளாக்கக் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8உம் வந்தபின், எழுத்து வேறு, அதன் குறியெண் வேறு, அது சேமிக்கப்படும் பைட்டுகள் வேறு என்றாகிவிட்டது. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறியெண். யூடிஎஃப்-8இல் 15 பைட்.

இதை உணராமல், ஓர் அமைப்பின் உறுப்பினர் அட்டைகளுக்கான நிரலில் பெயரை 20 பைட்டோடு வெட்டினேன். 'செந்தாமரை' என்ற பெயருக்கு 27 பைட் தேவை; அட்டையில் 'செந்தா' என்று நின்று, அதன்பின் மகரத்தின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் மிஞ்சி, கருப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாக அச்சாகியிருந்தன. நூற்றுக்கணக்கான அட்டைகளை எங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். ஒருவருடைய பெயரையே சிதைத்துவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது வருபவர்கள் பைட்டை விட்டுக் குறியெண்களை எண்ணிவிட்டு, சிக்கல் தீர்ந்ததாக நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது அதுதான். அதே பெயரை மூன்றாவது குறியெண்ணில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'செந' என்றாகும். மெய் உயிர்மெய்யாகிவிடுவதை எந்தப் பிழைச்செய்தியும் சொல்லாது. உயிர்க்குறியையும் புள்ளியையும் அவற்றின் மெய்யோடு சேர்த்தே எண்ண வேண்டும். ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே அப்படி எண்ணி 'தமிழ்' என்பதற்கு 3 என்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு 'இன்டல்.செக்மென்டர்' என்னும் கருவி இருக்கிறது.

16 பிட் போதும் என்பது

ஒவ்வொரு குறியெண்ணும் 16 பிட்டுக்குள், அதாவது 65,536 எண்களுக்குள், அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1996இலேயே யூனிகோட் அந்த எல்லையைக் கடந்துவிட்டது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றே என்பது

'கோமதி'யின் 'கோ'வை ஓகாரக்குறி ஒன்றாலும் எழுதலாம், ஏகாரக்குறியையும் ஆகாரக்குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். தேடல் இரண்டையும் வெவ்வேறாகவே காணும். சேமிக்கும்போதும் தேடும்போதும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் சீர்வடிவமான என்எஃப்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.